கப்பலில் கூசி நின்ற மாணவர்

1888 செப்டெம்பர் 4 ஆம் திகதி பம்பாயிலிருந்து இங்கிலாந்து நோக்கிப் புறப்பட்ட 'கிளைட்' கப்பலில், சட்டம் பயிலச் சென்ற 18 வயது இளைஞர் ஒருவர் இருந்தார். கடல் கடத்தல் தகாது எனத் தடுத்த சாதிப் பெரியவர்கள் அவரை விலக்கி வைத்திருந்தனர். மது, மாது, மாமிசம் தீண்டேன் எனத் தாய் புத்லிபாய்க்கு அளித்த வாக்கே அவருடன் சென்ற பெருஞ்செல்வம். அவரே பின்னாளில் மகாத்மா எனப் போற்றப்பட்ட மோகன்தாஸ் காந்தி.

சக பயணிகளின் ஆங்கிலம் அவருக்கு விளங்கவில்லை; விளங்கியபோதும் மறுமொழி கூற நா எழவில்லை. கத்தியும் முள்ளுக்கரண்டியும் பிடிக்கத் தெரியாது. எந்த உணவில் மாமிசம் இல்லை எனக் கேட்கவும் துணிவில்லை. ஆகவே, கொண்டுவந்த இனிப்புகளையும் பழங்களையும் தமது அறையிலேயே உண்டார். குளிர்ப் பிரதேசத்தில் மாமிசமின்றி வாழ இயலாது என ஆங்கிலேயப் பயணி ஒருவர் பரிவுடன் எடுத்துரைத்தபோதும் அவர் வாக்குத் தவறவில்லை.

1891 இல் பரிஸ்டராகத் திரும்பிய பின்னரும், பம்பாய் நீதிமன்றில் தமது முதல் வழக்கில் பேச இயலாது அமர்ந்தவர் அவர். அத்தகையவரே பின்னர் கோடானுகோடி மக்களின் குரலானார்.

கல்விக்காகக் கடல் கடக்கும் எமது தமிழ், முஸ்லிம் இளைஞர்களுக்கு நாம் கூற விரும்புவது இதுவே: அந்நிய மொழியில் தடுமாறுவது இழிவன்று. கூச்சம் காலப்போக்கில் அகலும். அதனை மறைப்பதற்காகக் கைவிட்ட கொள்கையை மீட்பதே அரிது.