ஜி. என். இராமச்சந்திரன்

கோபாலசமுத்திரம் நாராயண ஐயர் இராமச்சந்திரன் (அக்டோபர் 8, 1922 – ஏப்ரல் 7, 2001) புகழ் பெற்ற இந்திய இயற்பியலாளரும் உயிர் இயற்பியலாளரும் ஆவார். கொலாஜன் என்னும் புரதத்தின் மும்முறுக்கு அமைப்பைக் கண்டறிந்தமைக்காகவும், புரத வடிவங்களைச் சரிபார்க்கப் பயன்படும் இராமச்சந்திரன் வரைபடத்திற்காகவும் இவர் பெரிதும் அறியப்படுகிறார். மருத்துவமனைகளில் சி. டி. ஸ்கேன் படங்களைக் கணினி உருவாக்குவதற்கான அடிப்படைக் கணித முறைகளுள் ஒன்றை 1971-ல் அளித்தவரும் இவரே. இதயக் குழாய் அடைப்பைச் சி. டி. மூலம் கண்டறிய முடிவதில் இவரது பங்கு உண்டு என்பது தமிழ்நாட்டிலேயே பலர் அறியாத செய்தி.

இளமையும் கல்வியும்

இவர் கேரளத்தின் எர்ணாகுளத்தில் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்தார். பெயரின் முதலெழுத்து, திருநெல்வேலி மாவட்டத்திலுள்ள கோபாலசமுத்திரத்தைக் குறிக்கும். தந்தை எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். கணிதத்தில் இவருக்கிருந்த ஈடுபாடு வீட்டிலேயே தொடங்கியது எனலாம். திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்று 1942-ல் பட்டம் பெற்றார். அதே ஆண்டு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் படிக்கச் சேர்ந்தவர், விரைவிலேயே சர் சி. வி. இராமனின் மாணவராக இயற்பியல் துறைக்கு மாறினார். வைரம் முதலிய படிகங்களை எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்தார். 1947 முதல் 1949 வரை கேம்பிரிட்ஜ் கேவண்டிஷ் ஆய்வகத்தில் பணியாற்றி அங்கும் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பினார்.

சென்னையில்

1952-ல் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசாமி முதலியாரின் அழைப்பில் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவரானார். அப்போது இவருக்கு வயது ஏறத்தாழ 30. கிண்டி வளாகத்தில் ஆய்வகத்தைப் புதிதாக அமைக்க வேண்டியிருந்தது. அடுத்திருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கொலாஜன் மாதிரிகள் கிடைத்தன. தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றுக்கு உறுதி தருவது கொலாஜனே. மூன்று இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்ட வடிவமே அதன் அமைப்பு என்று இவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954, 1955 ஆண்டுகளில் நேச்சர் இதழில் வெளியிட்டனர்.

பிரான்சிஸ் கிரிக், அலெக்சாண்டர் ரிச் ஆகியோர் இதை மறுத்தனர். இராமச்சந்திரனின் மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன என்பது அவர்கள் வாதம். நுணுக்கங்களில் சில திருத்தங்கள் ஏற்பட்டன. மும்முறுக்கு என்ற அடிப்படை நிலைத்தது. அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம் என்ற கேள்வியை இராமச்சந்திரன் விடவில்லை. அறியப்பட்ட படிக அமைப்புகளைத் திரட்டி அளந்து, புரதச் சங்கிலியின் இரு சுழற்சிக் கோணங்களுக்கு எந்த மதிப்புகள் இயலும், எவை இயலா என்று வரைபடமாக்கினார். வி. சசிசேகரன், சி. இராமகிருஷ்ணன் ஆகியோருடன் 1963-ல் வெளியிட்ட அந்த வரைபடம் இன்றும் ஒவ்வொரு புதிய புரத அமைப்பையும் சோதிக்கப் பயன்படுகிறது.

நிழலிலிருந்து உருவம்

1970-ஐ ஒட்டி இவர் சென்னையை விட்டு மீண்டும் பெங்களூர் சென்று, இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவைத் தொடங்கினார். அக்காலத்திலேயே இவர் மனம் வேறொரு சிக்கலிலும் ஈடுபட்டிருந்தது.

எக்ஸ் கதிர்ப் படம் என்பது ஒரு நிழலே. கதிர் கடந்து வந்த எலும்பு, தசை, குருதி அனைத்தின் விளைவும் அதில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கலந்துவிடுகிறது. ஒரே பொருளைப் பல திசைகளிலிருந்து நிழலெடுத்தால் உள்ளமைப்பைக் கணக்கிட்டு மீட்கலாம் என்பதற்கான கணிதத்தை ஆஸ்திரியரான யோகான் ராடன் 1917-லேயே தந்திருந்தார். ஆனால் நிழல்களை வந்த வழியே திரும்பப் பரப்பிக் கூட்டினால் மட்டும் போதாது. படம் மங்கலாகவே அமையும். மங்கலை நீக்க ஃபூரியே உருமாற்றம் என்னும் கணக்கு பயன்பட்டது. அக்காலக் கணினிகளுக்கு அது பெரும் சுமை.

இராமச்சந்திரனும் ஏ. வி. லட்சுமிநாராயணனும் இதற்கு எளிய வழி கண்டனர். ஒவ்வொரு நிழலையும் பரப்புவதற்கு முன், நடுவில் நேர்மதிப்பும் இருபுறமும் எதிர்மதிப்புகளும் கொண்ட ஒரு சார்பினால் திருத்திவிட வேண்டும். கன்வல்யூஷன் எனப்படும் இச்செயலுக்கு எளிய பெருக்கலும் கூட்டலும் போதும். திருத்திய நிழல்களைப் பரப்பிக் கூட்டும்போது எதிர்மதிப்புகள் மங்கலை நீக்கிவிடும். எல்லா நிழல்களும் சேரும்வரை காத்திராமல் ஒவ்வொன்றையும் வரவர முடித்துவிடலாம். இக்கட்டுரை 1971-ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழக நடவடிக்கைகள் இதழில் வெளிவந்தது. வானொலி வானியலுக்காக இதையொத்த முறையைப் பிரேஸ்வெல், ரிடில் ஆகியோர் 1967-ல் வெளியிட்டிருந்தனர் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

அதே 1971-ன் அக்டோபரில் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி இலண்டனில் முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்தது. அது வேறு கணக்கீட்டு முறையைப் பயன்படுத்தியது. பின்வந்த கருவிகள் கன்வல்யூஷன் முறைக்கு மாறின. அதில் பயன்படும் வடிகட்டி இருவர் பெயராலும் ராம்-லாக் வடிகட்டி என்று அழைக்கப்படுகிறது. 1979 நோபல் பரிசு ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் ஆலன் கோர்மாக்குக்கும் சென்றது. இராமச்சந்திரனுக்கு எந்த ஆண்டிலும் அப்பரிசு கிட்டவில்லை.

இதய நோய் அறிதலில்

மூளை அசையாது; இதயம் ஓயாது துடிக்கும். நிமிடத்துக்கு 60 துடிப்பு எனில் ஒரு சுழற்சிக்கு ஒரு நொடியே. அதிலும் இதயம் ஓரளவு அசைவற்றிருப்பது அதன் ஒரு பகுதி நேரமே. எனவே நாடித்துடிப்பை மருந்தால் குறைத்து, இ. சி. ஜி. யுடன் இணைத்து, கருவி அரைச்சுற்றுக்குச் சற்று மேல் சுழலும் நேரத்திற்குள் தரவு திரட்டப்படுகிறது. அயோடின் கலந்த மருந்தைச் சிரையில் செலுத்தினால், சில மில்லிமீட்டர் அகலமே உள்ள இதயத் தமனிகளும் அவற்றின் அடைப்புகளும் புலப்படும். மருந்து செலுத்தாமலே தமனிச் சுவரில் படிந்த கால்சியத்தை அளப்பதும் உண்டு. 1990-ல் வெளியான அகாட்ஸ்டன் மதிப்பெண் இதற்கானது.

ராம்-லாக் வடிகட்டி ஓரங்களைக் கூர்மையாகக் காட்டும். ஆனால் இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கிவிடும். ஆகவே ஸ்டென்ட் பொருத்திய இடத்தைக் காணக் கூர்மையான வடிகட்டியும், மென்திசுவைக் காண மென்மையானதும் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. அண்மைக் கருவிகளில் கதிர்வீச்சைக் குறைப்பதற்காகத் தொடர்மீள் கணிப்பு முறைகள் பரவியுள்ளன. அவற்றின் தரத்தைப் பெரும்பாலும் பழைய வடிகட்டு முறையுடன் ஒப்பிட்டே மதிப்பிடுகின்றனர்.

இறுதிக் காலம்

சாந்தி சுவரூப் பட்நாகர் விருது 1961-லும், இலண்டன் அரச கழக உறுப்பினர் தகுதி 1977-லும் இவருக்குக் கிடைத்தன. ஆயினும் வாழ்வின் பெரும்பகுதியில் மனநலக் குறைவு இவரை வருத்தியது. பிற்காலத்தில் பார்க்கின்சன் நோயும் சேர்ந்தது. அந்நாள்களில் கணிதத் தருக்கவியலில் ஆழ்ந்து, இந்தியத் தருக்க மரபையும் நவீன இயற்கணிதத்தையும் இணைக்க முயன்றார். துணையாக இருந்த மனைவி இராஜலட்சுமி 1998-ல் மறைந்தார். மறு ஆண்டு பன்னாட்டுப் படிகவியல் ஒன்றியம் இவருக்கு எவால்ட் பரிசை வழங்கியது. ஏப்ரல் 7, 2001 அன்று தமது 78-வது வயதில் சென்னையில் காலமானார்.