பரிசு கேட்ட வாத்தியார்

1962-ம் ஆண்டு செப்டம்பர் 4-ந்தேதி. இந்தோனேசியாவின் தலைநகரான ஜகார்த்தாவில் செனயான் மைதானம் நிரம்பி வழிந்தது. சுமார் ஒரு லட்சம் பேர்! ஆசிய விளையாட்டு விழாவின் கால்பந்து இறுதி ஆட்டம் அன்றைக்கு. இந்தியாவும் தென் கொரியாவும் மோதின.

இந்திய தேசிய கீதம் ஒலித்தது. கூட்டம் ஊளையிட்டது. இந்தியரின் காலில் பந்து பட்டால் போதும், கூச்சல் காதைப் பிளந்தது. ஆட்டக்காரர்கள் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒல்லியான மனிதர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் பெயர் சையத் அப்துல் ரகீம். ரகீம் சாகிப் என்றுதான் எல்லோரும் அழைப்பார்கள். இந்தியக் கோஷ்டியின் பயிற்சியாளர் அவர்.

ரகீம் 1909-ம் ஆண்டு ஆகஸ்டு 17-ந்தேதி ஐதராபாத்தில் பிறந்தார். பட்டம் பெற்றார். பள்ளிக்கூட வாத்தியார் ஆனார். பிறகு உடற்பயிற்சிப் படிப்பும் முடித்தார். நன்றாகப் பந்து விளையாடுவார். ஆனால் விளையாடுவதைவிட விளையாடக் கற்றுக் கொடுப்பதில்தான் அவருக்கு நாட்டம் அதிகம்.

1943-ல் ஐதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளர் ஆனார். சாகும் வரை அந்தப் பதவியில் இருந்தார். 1950-ல் ஐதராபாத் போலீஸ் கோஷ்டி அவர் கையில் வந்தது. அந்த ஆண்டே பம்பாயில் ரோவர்ஸ் கோப்பையை ஜெயித்தது. அடுத்த ஆண்டும் ஜெயித்தது. 1954 வரை விடாமல் ஐந்து முறை!

வாத்தியாரின் வித்தை

அப்படி என்ன சொல்லிக் கொடுத்தார்?

தென்னூரிலோ ஸ்ரீரங்கத்திலோ ஏதாவது ஒரு திடலில் மாலை வேளையில் பையன்கள் பந்து உதைப்பதைப் பாருங்கள். பந்து கிடைத்தவன் அதை விடமாட்டான். ஒருவனை ஏய்ப்பான், இன்னொருவனை ஏய்ப்பான், மூன்றாவது ஆளிடம் பறிகொடுப்பான். பக்கத்தில் சும்மா நிற்கும் தோழன் கத்திக்கொண்டே இருப்பான். அந்தக் காலத்தில் பெரிய ஆட்டக்காரர்களும் இப்படித்தான் ஆடினார்கள். கூட்டம் அதற்குத்தான் கை தட்டியது.

ரகீம் ஐதராபாத் பையன்களுக்குப் புது மாதிரிப் போட்டிகள் வைத்தார். ஒரு போட்டியில் பந்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு ஏய்த்து ஆடக் கூடாது. வந்தவுடன் தோழனுக்குத் தள்ளிவிட வேண்டும். இன்னொரு போட்டியில் பழக்கமில்லாத காலால்தான் உதைக்க வேண்டும். வலது கால்காரன் இடது காலால் ஆட வேண்டும். முதலில் வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும். ஆனால் நாளடைவில் பையன்களுக்கு இரண்டு காலும் ஒன்றுபோல் ஆகிவிட்டன.

துளசிதாஸ் பலராம் என்ற ஏழைப் பையன் செகந்திராபாத் பக்கத்துக் கிராமத்தில் இருந்தான். மைதானத்துக்கு வந்துபோகக் கையில் காசு இல்லை. ரகீம் வாடகை சைக்கிளுக்குப் பணம் கொடுத்து அவனை வரவழைத்தார் என்று சொல்வார்கள். அந்தப் பலராம்தான் பின்னாளில் இந்தியாவின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர் ஆனார்.

தங்கமும் அடியும்

1951 மார்ச்சில் டில்லியில் முதலாவது ஆசிய விளையாட்டு விழா நடந்தது. 11 நாடுகள் வந்தன. கால்பந்துக் கோஷ்டிக்கு ரகீம் பயிற்சியாளர். இந்தோனேசியாவை 3-0 என்றும், ஆப்கானிஸ்தானத்தை 3-0 என்றும் இந்தியா தோற்கடித்தது. இறுதி ஆட்டத்தில் ஈரானை எதிர்த்து மேவாலால் ஒரு கோல் போட்டார். அந்த ஒரு கோலில் தங்கப் பதக்கம் கிடைத்தது.

அடுத்த ஆண்டே பலத்த அடி விழுந்தது. 1952-ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியா இந்தியாவை 10-1 என்று நொறுக்கியது. குளிர் நாட்டில் நம்மவர்களில் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். பூட்ஸ் இல்லாமல் இனி ஆகாது என்பது அப்போதுதான் உறைத்தது.

ரகீம் ஹங்கேரி போன்ற நாடுகளின் ஆட்டமுறையைக் கவனித்தார். அதன்படி நம் கோஷ்டியின் அமைப்பை மாற்றினார். 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா ஆஸ்திரேலியாவை 4-2 என்று ஜெயித்து அரை இறுதிக்குப் போயிற்று. ஆசியாவிலிருந்து அந்தப் படியை முதலில் எட்டிய நாடு இந்தியாதான். கடைசியில் நான்காவது இடம் கிடைத்தது.

1960-ல் ரோம் ஒலிம்பிக்குக்குப் போன கோஷ்டியில் ரகீமின் மகன் ஹக்கீமும் இருந்தார். ஆனால் ஓர் ஆட்டத்திலும் அவர் களம் இறங்கவில்லை. பெற்றவர் பயிற்சியாளராக இருந்தும் இப்படி!

ஜகார்த்தாவில் புயல்

1962 விழாவுக்கு இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா வரவிடவில்லை. விளையாட்டில் இந்தப் பாகுபாடு தகாது என்று எதிர்த்தவர் இந்தியரான ஜி. டி. சோந்தி. ஆசிய விளையாட்டு விழா உருவாகக் காரணமாக இருந்தவரே அவர்தான். நியாயம் அவர் பக்கம் இருந்தது. ஆனால் ஜகார்த்தா மக்களுக்குக் கோபம் பொங்கியது. செப்டம்பர் 3-ந்தேதி இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. பஸ்ஸில் போகும்போது தலை தெரியாமல் குனிந்து போனோம் என்று ஆட்டக்காரர்கள் பின்னாளில் சொன்னார்கள்.

ஆட்டத்திலும் தொல்லைகள்தான். முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 2-0 என்று தோல்வி. பிறகு தாய்லாந்தை 4-1 என்றும் ஜப்பானை 2-0 என்றும் ஜெயித்தார்கள். தாய்லாந்து ஆட்டத்தில் ஜர்னெயில் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. அவர் பின்வரிசையின் தூண்.

இங்கேதான் ரகீமின் மூளை வேலை செய்தது. தையல் போட்ட தலையோடு பின்னால் நின்று பந்தை முட்டித் தள்ள முடியாது. ஆகவே அவரை முன்வரிசைக்கு அனுப்பினார்! அரை இறுதியில் தென் வியட்நாமை இந்தியா 3-2 என்று ஜெயித்தது. அதில் ஒரு கோல் ஜர்னெயில் போட்டது.

கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ் நம் தமிழர். நீலகிரியில் வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்டில் ஆடிப் பெயர் எடுத்தவர். நெடிய உருவம். காய்ச்சலால் அரை இறுதியில் ஆடவில்லை. ஆனால் உயரப் பந்துகளைப் பிடிக்க அவர் வேண்டும் என்று நினைத்தார் ரகீம். இறுதி ஆட்டத்தில் அவரையே நிறுத்தினார்.

முதல் நாள் இரவு யாருக்கும் தூக்கம் வரவில்லை. ரகீம் ஆட்டக்காரர்களை ஒன்றுகூட்டினார். அதிகம் பேசவில்லை. நாளைக்குத் தனக்கு ஒரு பரிசு தர வேண்டும், அது தங்கப் பதக்கமாக இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அவர் உடலில் அப்போதே புற்றுநோய் குடிகொண்டிருந்தது.

மறுநாள் அத்தனை கூச்சலிலும் நம்மவர்கள் கலங்கவில்லை. பாகிஸ்தான் ஆக்கிக் கோஷ்டியார் மட்டும் இந்தியாவுக்காகக் கை தட்டினார்களாம். ஆக்கி இறுதி ஆட்டத்தில் நம்மை ஜெயித்தவர்கள் அவர்கள்தான்! முதல் 20 நிமிடத்துக்குள் பி. கே. பானர்ஜி ஒரு கோல் போட்டார், ஜர்னெயில் சிங் ஒரு கோல் போட்டார். கொரியர்கள் கடைசி நேரத்தில்தான் ஒன்றைத் திருப்பினார்கள். 2-1. தலைவர் சுனி கோஸ்வாமியின் கோஷ்டிக்குத் தங்கப் பதக்கம்! வாத்தியார் கேட்ட பரிசு கிடைத்துவிட்டது.

ஊர் திரும்பிய ரகீமின் உடல்நிலை நாளுக்கு நாள் மோசமாயிற்று. 1963 ஜூன் 11-ந்தேதி ஐதராபாத்தில் காலமானார். வயது 53தான்.

1970-ல் பாங்காக் விழாவில் இந்தியக் கால்பந்துக் கோஷ்டிக்கு வெண்கலம் கிடைத்தது. அந்தக் கோஷ்டியின் தலைவர் நயீமுதீனும் ஐதராபாத்காரர்தான். அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டு விழாவின் கால்பந்தில் நம் ஆண்கள் ஒரு பதக்கமும் கொண்டுவரவில்லை.