கால்வாயை நீந்திக் கடந்த கப்டன் வெப்

இங்கிலாந்தையும் பிரான்சையும் பிரித்து நிற்கும் ஆங்கிலக் கால்வாய், டோவர்த் துறைக்கெதிரே மிக ஒடுங்கி, ஏறக்குறைய 21 மைல் அகலமுடையதாய்க் கிடக்கின்றது. வானம் தெளிந்த நாளிலே ஒரு கரையில் நிற்போர் மறுகரையைக் கண்ணாற் காணலாம். காண்டல் எளிது, கடத்தல் அரிது. ஓகஸ்ட் மாதத்திலும் அந்நீரின் வெப்பம் 15 முதல் 18 பாகை செல்சியசு அளவினதே. கீரிமலைக் கேணியில் நீந்தப் பழகிய எம்மவர்க்கு அக்குளிர் கற்பனைக்கும் எட்டாதது. அன்றியும், ஏறத்தாழ ஆறு மணிக்கொருமுறை வற்றும் பெருக்கும் மாற, நீரோட்டம் முதலில் ஒரு புறமும் பின்னர் மறு புறமும் நீந்துவோனை இழுத்துச் செல்லும். பாக்கு நீரிணையை 1971 இல் போயும் மீண்டும் நீந்திக் கடந்த வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் அவர்கள் 1984 ஓகஸ்ட் மாதத்தில் உயிர் நீத்ததும் இக்கால்வாயிலேயாம்.

மிதவையும் துணைக்கருவியுமின்றி இந்நீரை முதன்முதல் நீந்திக் கடந்தவர் மத்தியூ வெப் என்னும் மாலுமி. அவர் வெற்றி பெற்ற நாளைப் பலரும் அறிவர். அந்நாளுக்கு முந்திய மாதங்களிலே, கைதட்டுவார் இல்லாத தனிமைப் பயிற்சியில், அவர் தம் ஊக்கத்தை எங்ஙனம் காத்தார் என்பதே யாம் ஈண்டு ஆராயப் புகுந்த பொருள். எம் மாணவர் கற்றுக்கொள்ளற்குரியதும் அப்பகுதியே என்பது எம் கருத்து.

வெப் 1848 ஆம் ஆண்டு சனவரி 19 ஆம் நாள் சிறப்சயர் மாகாணத்து டோலி என்னும் ஊரில், வைத்தியர் ஒருவரின் பெருங்குடும்பத்திலே பிறந்தார். அயலில் ஓடும் செவேண் நதியே அவருக்கு நீச்சற் பள்ளி. அந்நதியில் மூழ்கவிருந்த உடன்பிறந்தான் ஒருவனை இளமையிலேயே காப்பாற்றினார் என்பர். பன்னிரண்டாம் வயதில் லிவர்பூல் நகரத்து மேர்சி நதியில் நின்ற கொன்வே என்னும் பயிற்சிக் கப்பலிற் சேர்ந்து, பின்னர் வணிகக் கப்பல்களிலே தொழில் பழகினார்.

1873 ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம், ரசியா என்னும் பெயருடைய கூனாட் கப்பல் நியூயோர்க்கிலிருந்து லிவர்பூலுக்கு வந்துகொண்டிருந்தது. அத்திலாந்திக்கின் நடுவே மாலுமி ஒருவன் தவறிக் கடலில் வீழ்ந்தான். கப்பலில் அதிகாரியாயிருந்த வெப் கணமும் தாழ்க்காது குதித்தார். வீழ்ந்தவன் அகப்பட்டிலன். அலைகளினிடையே தனித்து மிதந்த வெப்பைப் படகொன்று மீட்டுக் கொணர்ந்தது. இச்செயலுக்காக அவருக்கு 100 பவுண் பரிசும், அப்போது புதிதாக நிறுவப்பெற்ற இசுடான்கோப் பொற்பதக்கமும் கிடைத்தன. அப்பதக்கத்தை முதலிற் பெற்றவர் அவரே. பயனளியாத முயற்சிக்கு இத்துணைப் பரிசா என்று எம் மாணவன் ஒருவன் வகுப்பிலே வினவினான். வினா நன்று. குதித்தது வெப்பின் கையிலிருந்தது; கண்டுபிடித்தல் கடலின் கையிலிருந்தது. பதக்கம் வழங்கியோர் இவ்விரண்டையும் பிரித்தறிந்தனர் என்றே யாம் கொள்கின்றோம்.

எமெரால்ட் என்னும் கப்பலுக்குத் தலைவராயிருந்த காலத்திலே, 1872 இல் யோன்சன் என்பார் கால்வாயை நீந்த முயன்று தோல்வியுற்ற செய்தியை வெப் படித்தார். பிறனொருவன் தோற்றான் என்று கேட்டால், ஆகாத காரியம் என்று கையை விடுவோரே உலகில் மிகுதி. வெப்புக்கோ அத்தோல்வியே அழைப்பாயிற்று. தலைமைப் பதவியையும் அதனால் வந்த ஊதியத்தையும் துறந்து இலண்டன் மாநகர் சேர்ந்தார்.

அங்கே லம்பெத் நீச்சற் குளத்திலே, பெக்வித் என்னும் நீச்சலாசிரியரின் கண்காணிப்பிற் பயிற்சி தொடங்கிற்று. நீந்தியது தவளைபோற் கைகளை விரித்துக் காலை உதைக்கும் நெஞ்சு நீச்சே. விரைவு குறைந்தது, ஆயின் நெடுநேரம் தாங்கவல்லது. சுவரைத் தொட்டுத் திரும்பி மீண்டும் சுவரைத் தொடுவதாகிய அப்பயிற்சியினும் சலிப்பூட்டுவது பிறிதொன்று உண்டோ? இன்றைய வீரருக்குப் பயிற்சி அட்டவணை உண்டு. முன்பு கடந்தோரின் கணக்கு உண்டு. மனம் தளர்ந்தவிடத்து, இத்தனை பேர் செய்தனர் என்னும் தேற்றமும் உண்டு. வெப்புக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. மனித உடல் அத்துணை நேரம் குளிர்நீரிற் கிடந்து உயிர்தாங்குமோ என்பதே அன்று ஐயமாயிருந்தது.

அவர் செய்தது யாது? பெரிய கடலை ஒரேயடியாய் நோக்காது, சிறு சிறு கடல்களாய் வகுத்துக்கொண்டார். குளத்திலிருந்து தேம்சு நதிக்குச் சென்றார். 1875 யூலை மாதத்தில் அந்நதியிலே பிளாக்வோலிலிருந்து கிறேவ்சென்ட் வரை ஏறத்தாழ 5 மணி நேரம் நீந்தினார். அதே மாதத்தில் டோவரிலிருந்து ராம்சுகேட் வரை கடலிலே ஏறத்தாழ 9 மணி நேரம் நீந்தினார். ஒவ்வொன்றும் தனக்கெனத் தொடக்கமும் முடிவும் உடைய காரியம்; ஒன்றை முடித்தவனுக்கே அடுத்தது கண்ணிற் படும். மூன்றாண்டுக்குப் பின் வரும் பரீட்சையை எண்ணி இன்றே மயங்கும் எம் பிள்ளைகளை நினைக்குந்தோறும் இம்முறை எம் நினைவுக்கு வருகின்றது.

1875 ஓகஸ்ட் 12 ஆம் நாள் முதன்முறை கால்வாயில் இறங்கினார். காற்று வலுத்தது, கடல் கொந்தளித்தது. 7 மணி நேரத்துக்குச் சற்றுக் குறையவே நீந்திப் படகில் ஏறினார். பத்திரிகைகள் அறிய, ஊர் அறிய நேர்ந்த தோல்வி அது. பன்னிரண்டு நாள் கழித்து, 24 ஆம் நாள் நண்பகலை அடுத்து, உடலெங்கும் கடற்பன்றியின் எண்ணெய் பூசி, அதே டோவர்த் துறைமேடையிலிருந்து மறுபடியும் குதித்தார்.

மூன்று படகுகள் உடன் சென்றன. படகைத் தொடாமலே கோப்பியும் இறைச்சிச் சாறும் பிராந்தியும் வாங்கி அருந்தினார். பிராந்தியை அக்காலத்தார் குளிருக்கு மருந்தென நம்பினர். இக்கால மருத்துவர் ஒப்பார். இரவிலே, தொட்டாற் சுணைக்கும் சொறி ஒன்று அவரைத் தீண்டிற்று. அதையும் பொறுத்தார். விடியலில் பிரான்சின் கிறி-நே முனை அணித்தாய்த் தோன்றிற்று. ஆயின் அவ்விடத்தே நீரோட்டம் எதிர்த்தது. அதன்பின் ஏறக்குறைய 5 மணி நேரம் கரை கண்ணெதிரே நின்றது. கரை சேர முடியவில்லை. இரவு முழுதும் நீந்தியவனுக்கு இதனினும் கொடிய சோதனை உண்டோ! கடல் நடுவிலே கரை தோன்றாதபோது கை ஓயாதிருத்தல் ஒன்று. தோன்றிய கரை நெருங்க மறுக்கும்போது ஓயாதிருத்தல் வேறொன்று. குளத்திலே சுவரிலிருந்து சுவருக்குச் சென்ற அந்நாட்களே, முன்னேற்றம் கண்ணிற் படாத அவ்வைந்து மணி நேரத்தில் அவருக்குத் துணை நின்றன போலும். 25 ஆம் நாள் முற்பகல் 10.41 மணிக்குக் கலே நகருக்கு அண்மையிலே கால் மணலிற் பட்டது. சென்ற காலம் 21 மணி 45 நிமிடம். நீரோட்டத்தால் வளைந்து வளைந்து சென்ற தூரமோ 40 மைல் வரை இருக்கும் என மதித்தனர்.

அதன்பின் வந்த புகழை விரிக்கின் பெருகும். இலண்டன் பங்குச் சந்தையார் பணம் திரட்டி அளித்தனர். தீப்பெட்டியிலும் அவர் படம் பொறிக்கப்பட்டது. நீச்சற் கலை பற்றி நூலொன்றும் அவர் பெயரால் வெளிவந்தது. 1880 இல் மணம் புரிந்து இரு குழந்தைகளுக்குத் தந்தையானார். புகழ் நிலைத்த அளவுக்குப் பொருள் நிலைக்கவில்லை. கண்ணாடித் தொட்டிகளிலே நாட்கணக்காய் மிதந்து காட்டும் வேடிக்கைத் தொழிலுக்கு இறங்கினார். 1882 இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் 128 மணி நேரத்துக்கு மேல் நீரிற் கிடந்தார். கால்வாயை வென்றவரைக் காட்சிப்பொருளாக்கிய கூட்டத்தை எம்மால் மெச்ச முடியவில்லை. குடும்பத்துக்குச் சோறு தேடிய அவரை இகழவும் மனம் வரவில்லை.

உடல்நலமும் குன்றத் தொடங்கிற்று. 1883 யூலை 24 ஆம் நாள், பொருள் வேண்டி, நயாகரா நீர்வீழ்ச்சிக்குக் கீழேயுள்ள சுழிப் பெருக்கை நீந்தக் குதித்தார். அங்கே வற்றுப்பெருக்குக் கணக்கில்லை. படிப்படியாய்ப் பழகிச் செல்லும் வழியும் இல்லை. சில நிமிடங்களிலே மறைந்தார். நான்கு நாட்களின் பின் உடல் கிடைத்தது. நயாகரா நகரத்து ஓக்வுட் மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டது. வயது 35.

பிறந்த ஊராகிய டோலியில் 1909 இல் உடன்பிறந்தார் ஒருவர் நினைவுச்சின்னம் ஒன்றைத் திறந்து வைத்தார். அவ்வாண்டிலும் கால்வாயை நீந்திக் கடந்தவர் வெப் ஒருவரே. முயன்று தோற்றோரோ பலர். 1911 செப்டெம்பர் மாதத்திலே தோமஸ் பேர்ஜெஸ் என்பார், தாமும் பன்முறை தோற்ற பின்னர், இரண்டாமவராய்ப் பிரான்சின் கரையில் ஏறினார்.