ஜூல் சார்னி

ஜூல் கிரெகரி சார்னி (சனவரி 1, 1917 – சூன் 16, 1981) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த வானிலையியலாளர் ஆவார். கணினியைக் கொண்டு வானிலையை முன்னறியும் முறைக்கு அடித்தளமிட்டவர்களுள் முதன்மையானவர். வளிமண்டலத்தில் கார்பன் டை ஆக்சைடின் அளவு இருமடங்கானால் புவியின் சராசரி வெப்பநிலை எவ்வளவு உயரும் என்பதே காலநிலை உணர்திறன் எனப்படும். இதனை மதிப்பிட்ட 1979 ஆம் ஆண்டு அறிக்கை இவரது பெயராலேயே அறியப்படுகிறது.

வாழ்க்கை

உருசியாவிலிருந்து குடியேறிய யூதப் பெற்றோருக்குச் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தார். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் பயின்று 1946 இல் முனைவர் பட்டம் பெற்றார். மேலைக்காற்றில் எழும் பேரலைகள் எவ்வாறு வளர்கின்றன என்பதை விளக்கிய இவரது ஆய்வேடு 1947 இல் ஓர் ஆய்விதழின் ஓர் இதழ் முழுவதையும் நிரப்பியது. 1948 முதல் பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனத்திலும், 1956 முதல் இறக்கும் வரை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலும் பணியாற்றினார்.

எண்முறை வானிலை முன்னறிதல்

இங்கிலாந்தின் லூயிஸ் பிரை ரிச்சர்ட்சன் 1922 இல் வெளியிட்ட, கையால் கணித்த வானிலை முன்னறிவிப்பு பெருந்தவறாக முடிந்திருந்தது. வானிலைக்குத் தொடர்பில்லாத, விரைந்து செல்லும் அலைகளைச் சமன்பாடுகளிலிருந்து வடிகட்டினால் கணக்கீடு கைகூடும் எனச் சார்னி காட்டினார். 1950 இல் ஜான் வான் நியூமன் முதலியோருடன் சேர்ந்து எனியாக் கணினியில் இதனைச் செய்து பார்த்தார். 24 மணி நேர முன்னறிவிப்பைக் கணிக்க ஏறத்தாழ 24 மணி நேரமே தேவைப்பட்டது. வானிலை மாறும் வேகத்துக்கு ஈடாகக் கணினியும் ஓடியது எனலாம்.

செயற்கைக்கோள் தரும் வெப்பநிலை அளவீடுகளை மாதிரிக்குள் தொடர்ந்து செலுத்தினால், நேரடியாக அளக்கப்படாத காற்றோட்டத்தையும் ஓரளவு அறியலாம் என 1969 இல் மில்டன் ஹேலம், ராபர்ட் ஜாஸ்ட்ரோ ஆகியோருடன் காட்டினார்.

சார்னி அறிக்கை

1979 சூலையில் மாசசூசெட்சின் உட்ஸ் ஹோலில் இவர் தலைமையில் சிறு அறிவியலாளர் குழு ஒன்று கூடியது. சியுக்குரோ மனாபே, ஜேம்ஸ் ஹேன்சன் ஆகியோரின் கணினி மாதிரிகளை அக்குழு ஆராய்ந்தது. மனாபேயின் மாதிரிகள் பெரும்பாலும் முகில்களை மாறாதவை எனக் கொண்டிருந்தன. ஹேன்சனின் மாதிரியோ அவற்றைக் கணித்தது. காலநிலை உணர்திறன் ஏறத்தாழ 3 பாகை செல்சியசு, பிழை இருபுறமும் 1.5 பாகை எனக் குழு மதிப்பிட்டது. சில நாட்களில் எட்டப்பட்ட இவ்விடைவெளியை, மாதிரிகள் பன்மடங்கு விரிவடைந்த பின்னரும், 2013 ஆம் ஆண்டின் ஐந்தாம் ஐ.பி.சி.சி. அறிக்கையாலும் குறுக்க இயலவில்லை.

முகில் நீரும் காலநிலை உணர்திறனும்

இதற்கு முதன்மைக் காரணம் முகில்களே. தாழ்முகில்கள் கதிரவன் ஒளியைத் திருப்பியனுப்பிப் புவியைக் குளிர்விக்கின்றன. மெல்லிய உயர்முகில்கள் வெப்பத்தைத் தடுத்து வைக்கின்றன. புவி சூடேறும்போது தாழ்முகில்கள் குறைந்தால் வெப்பமாதல் மேலும் கூடும். முகிலிலுள்ள பனித்துகள்கள் நீர்த்துளிகளாக மாறினால், அத்துளிகள் சிறியனவாகையால் முகில் கூடுதலாக ஒளியைத் திருப்பும். அது வெப்பமாதலைத் தணிக்கும். ஆகவே முகிலில் எவ்வளவு நீர், எவ்வளவு பனி என்பதை அறியாமல் உணர்திறனைத் துல்லியமாகக் கூற இயலாது.

சார்னி பணியாற்றிய கழகத்தையே சேர்ந்த டேவிட் ஸ்டேலின் உருவாக்கிய நுண்ணலைமானி 1972 திசம்பரில் நிம்பசு 5 செயற்கைக்கோளில் ஏவப்பட்டது. கடற்பரப்பு நுண்ணலைகளைக் குறைவாகவே உமிழ்வதால், அந்தப் பின்னணியில் முகில் நீரின் உமிழ்வு தெளிவாகத் தெரியும். நிலப்பரப்பு வலுவாக உமிழ்வதால் அங்கே இம்முறை சரிவர உதவாது. 2006 இல் ஏவப்பட்ட கிளவுட்சாட், கலிப்சோ ஆகியவை முகிலின் உட்புறத்தை அடுக்கடுக்காக அளந்தன. இரண்டும் 2023 இல் ஓய்வு பெற்றன. பல மாதிரிகள் கருதியதைவிடக் கூடுதலான முகில் நீர், உறைநிலைக்குக் கீழும் நீர்மமாகவே இருப்பதைக் கலிப்சோவின் அளவீடுகள் காட்டின. அவ்வாறாயின் நீராக மாறுவதற்கு எஞ்சியுள்ள பனி குறைவு; எதிர்பார்த்த தணிப்பும் குறைவு.

2021 இல் வெளியான ஆறாம் ஐ.பி.சி.சி. அறிக்கை உணர்திறன் 2.5 முதல் 4 பாகைக்குள் இருக்கக்கூடும் எனக் குறுக்கியது. சிறந்த மதிப்பீடு 3 பாகையாகவே உள்ளது.

மறைவு

சார்னி 1981 இல் புற்றுநோயால் பாஸ்டனில் காலமானார். அமெரிக்க வானிலையியல் கழகம் இவர் பெயரில் பதக்கம் வழங்கி வருகிறது.