ஒரே பெயரில் எஜமானும் வேலைக்காரனும்!

பத்தமடை என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கோரைப் பாய்தானே! அந்தக் காலத்தில் கோயில் கொடை, திருவிழா வந்தால் தாமிரபரணிக் கரை ஊர்களில் ஜனங்கள் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நாடகம் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். விடிய விடியப் பார்ப்பார்கள், சிரிப்பார்கள், அழுவார்கள். பொழுது விடிந்ததும், நடித்தவர்களைக் கூத்தாடிகள் என்று இளக்காரமாகப் பேசுவார்கள். படித்த வீட்டுப் பிள்ளை நடிக்கப் போகிறேன் என்றால் போச்சு, வீடே இரண்டாகிவிடும்!

தமிழ்நாடு முழுக்க அப்போது இதே நிலைதான். அதை மாற்றப் பாடுபட்டவர், 'நாடகத் தந்தை' என்று போற்றப்படும் பம்மல் சம்பந்த முதலியார்.

இவர் 1873 பிப்ரவரி 1 அன்று சென்னையில் பிறந்தார். வேடிக்கை என்ன தெரியுமா? சின்ன வயதில் இவருக்கே தமிழ் நாடகம் என்றால் பிடிக்காது! ஆங்கில நாடகங்களைத்தான் விரும்பினார்.

1891ஆம் ஆண்டு பெல்லாரியிலிருந்து ஒரு தெலுங்கு நாடகக் குழு சென்னைக்கு வந்தது. அதை நடத்திய கிருஷ்ணமாச்சார்லு ஒரு வக்கீல். வக்கீலே வேஷம் கட்டி நடிக்கிறாரே என்று சம்பந்தம் அசந்துபோனார். தெலுங்கில் முடிந்தது தமிழில் ஏன் முடியாது? அப்போது அவருக்கு வயது 18தான். அதே ஆண்டு ஜூலை 1 அன்று நண்பர்களோடு சேர்ந்து 'சுகுண விலாச சபா'வைத் தொடங்கிவிட்டார்.

நடிக்க ஆள் வேண்டும், நாடகமும் வேண்டுமே? தானே எழுதினார். எழுதியவரே நடிக்கவும் செய்தார். அவருடைய 'மனோகரா' பெரும் புகழ் பெற்றது. விடுதலைப் போராட்டத் தலைவர் சத்தியமூர்த்திகூட இந்தச் சபாவில் நடித்திருக்கிறார்! பெண் வேஷத்தையும் ஆண்களேதான் போட்டார்கள். பாட்டுக்குப் பாட்டு என்றிருந்த மேடையில், சாதாரணமாகப் பேசுகிற வசனத்துக்கு இடம் கொடுத்தவர் சம்பந்தம்.

ராஜா, ராணி கதைகளோடு அவர் நிற்கவில்லை. வீட்டுக்குள் நடக்கிற கூத்தையும் மேடைக்குக் கொண்டுவந்தார். அப்படி வந்தவர்தான் சபாபதி முதலியார். வசதியான வீட்டுக்காரர், வெள்ளை மனசு, புத்திதான் கொஞ்சம் மந்தம். அவருடைய வேலைக்காரன் பெயரும் சபாபதியே! அவன் எஜமானையும் மிஞ்சியவன். விளக்கை அணை என்றால், விளக்கைக் கட்டி அணைத்துக்கொள்கிற ரகம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். சொன்னதை அப்படியே செய்கிறவனை எப்படித் திட்டுவது? எஜமான் திண்டாடுவார், சபையோர் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள்.

ஒரு நாடகத்தோடு இந்தச் சபாபதிகள் விடைபெறவில்லை. இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் என்று தொடர்ந்து வந்தார்கள். டி.வி.யில் அதே கார்ட்டூன் ஆட்கள் தினம் ஒரு புதுக் கதையில் வருகிறார்கள் அல்லவா, அதுபோலத்தான். ஆட்கள் பழையவர்கள், வம்பு மட்டும் புதிது!

1941இல் ஏ.வி.மெய்யப்பன் இதை 'சபாபதி' என்ற பெயரிலேயே சினிமாவாக எடுத்தார். எஜமானாக டி.ஆர்.ராமச்சந்திரன், வேலைக்காரனாகக் காளி என்.ரத்தினம். கறுப்பு வெள்ளைப் படம்தான். தாத்தா, பாட்டியோடு உட்கார்ந்து பாருங்கள். உங்களுக்கு முன்னால் அவர்கள் சிரிப்பார்கள்!

நாடகம், நாடகம் என்று அலைந்தவர் படிப்பைக் கோட்டைவிட்டிருப்பார் என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை. சட்டம் படித்து வக்கீலானார். 1924 முதல் 1928 வரை சென்னை சிறு வழக்கு நீதிமன்றத்தில் நீதிபதியாகவும் இருந்தார். வேஷம் கட்டியவரை இப்போது எப்படி இளக்காரமாகப் பேசுவது?

90க்கும் அதிகமான நாடகங்களை எழுதினார். 1959இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1964 செப்டம்பர் 24 அன்று, 91ஆவது வயதில் காலமானார்.

அவருடைய நூல்கள் இப்போது நாட்டுடைமை ஆகிவிட்டன. உங்கள் பள்ளி ஆண்டு விழாவில் 'சபாபதி'யைத் தாராளமாகப் போடலாம். ஆனால் ஒரு சிக்கல்: உங்கள் வகுப்பில் யார் எஜமான் சபாபதி, யார் வேலைக்காரச் சபாபதி?