சட்டைக் கைக்குள் ஒளித்த சுங்கான்

சென்ற வருடம் பஸ் நிலையமொன்றின் காத்திருப்பு மண்டபத்துக்குள் பீடி பத்தியதற்காக அப்பா பிடிபட்டார். நீதிமன்றம் போய்த் தண்டம் கட்டிவிட்டு வந்தவர் இரண்டு நாள் வீட்டில் யாருடனும் கதைக்கவில்லை. வன்னியில் கடைசி மாதங்களில் ஒரு பீடியை மூன்று துண்டாக்கி மூன்று வேளைக்கு வைத்திருந்தவர் அவர். பிறகு முகாமில், மடியை உதறிக் காட்டச் சொன்னபோது விழுந்ததும் ஒரு பீடிக்கட்டுத்தான். சீருடை போட்ட ஒருவர் பீடியைக் கீழே போடச் சொன்னதை அவரால் சுகாதார விடயமாகப் பார்க்க முடியவில்லை. எனக்கோ அந்த மண்டபத்தில் கைக்குழந்தையோடு இருந்திருக்கக்கூடிய யாரோ ஒரு பெண்தான் நினைவுக்கு வந்தாள். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் அவளுக்காகவும்தான் என்றேன். சண்டை வந்தது.

அந்தச் சண்டை முடியாமலேதான் நான்காம் முராத் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். புகைத்தவர்களைக் கொன்ற சுல்தான் என்று எங்கோ ஒரு வரியில் படித்திருந்தேன். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருந்தது நான் எதிர்பார்த்த கதை அல்ல.

முராத் 1612 ஜூலையில் இஸ்தான்புல்லில் பிறந்தார். 1623இல் ஒட்டோமான் பேரரசின் சுல்தானாக அமர்த்தப்பட்டபோது அவருக்கு 11 வயது. முந்தைய ஆண்டுதான் மாற்றுத் தாயின் மகனான அவருடைய அண்ணன் இரண்டாம் உஸ்மானை, அரசைக் காக்க வேண்டிய ஜனிசரிப் படையினரே கவிழ்த்துக் கொன்றிருந்தார்கள். முராத் பதவிக்கு வந்த சில மாதங்களில் பக்தாத் பாரசீகரிடம் போனது. ஆட்சியை நடத்தியவர் தாயார் கோசெம் சுல்தான். பையன் அரண்மனைக்குள் வளர்ந்தான். அண்ணனுக்கு நடந்தது தனக்கும் நடக்கலாம் என்ற பயமும் கூடவே வளர்ந்திருக்க வேண்டும்.

1632 பெப்ரவரியில் அந்தப் பயம் வாசலுக்கே வந்தது. கலகக்காரப் படையினர் அரண்மனைக்குள் புகுந்து தலைமை அமைச்சர் ஹாஃபிஸ் அகமது பாஷாவை முராத்தின் கண்முன்னே வெட்டிக் கொன்றார்கள். அப்போது அவருக்கு 19 வயது. சில மாதங்களுக்குள் கலகத்துக்குப் பின்னால் நின்றதாகக் கருதப்பட்ட ரெசெப் பாஷாவைக் கொல்வித்து அதிகாரத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டார். அதன்பின் அவர் ஆண்ட எட்டு வருடங்களும் இரத்தமாகவே இருக்கின்றன.

இனி அந்தக் கோப்பிக் கடைகளைப் பார்க்க வேண்டும். 1550களில் சிரியாவிலிருந்து வந்த வியாபாரிகள் இஸ்தான்புல்லில் கோப்பிக் கடைகளைத் திறந்தார்கள். 1600ஐ ஒட்டி ஆங்கிலேய வணிகர்கள் புகையிலையைக் கொண்டுவந்தார்கள். கோப்பிக் கோப்பையும் சுங்கானும் ஒன்று சேர்ந்தன. படைவீரர், எழுத்தர், கைவினைஞர், வேலையில்லாதவர் என்று எல்லோரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்தார்கள். யாருடைய பதவி போனது, போர்முனையில் என்ன நடந்தது என்பதெல்லாம் அங்கே கைமாறியது. ஊடகக் கற்கை படித்தவள் என்பதால் எனக்கு இப்படித்தான் தோன்றுகிறது: பத்திரிகை இல்லாத அந்த நகரத்துக்குக் கோப்பிக் கடைதான் பத்திரிகை. அரசுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது.

1633 செப்டெம்பரில் இஸ்தான்புல்லின் ஜிபாலிப் பகுதியில் பிடித்த தீ நகரின் பெரும் பகுதியை எரித்தது. கப்பல் செப்பனிடும் இடத்தில் எழுந்த தீ என்று சொல்லப்படுகிறது. ஆனால் அதைத் தொடர்ந்து வந்த ஆணை புகையிலை மீது பாய்ந்தது. புகைத்தால் தீப்பிடிக்கும் என்பது காரணம். கோப்பிக் கடைகள் மூடப்பட்டன, பல இடிக்கப்பட்டன. ஆயா சோபியாவில் பிரசங்கம் செய்த காதிசாதே மெஹ்மத், புகையிலையும் கோப்பியும் மார்க்கத்துக்கு விரோதமான புதுமைகள் என்று முழங்கி ஆணைக்குப் பக்கபலமாக நின்றார். சுல்தான் இரவில் மாறுவேடத்தில் நகரைச் சுற்றினார். பிடிபட்டவர்கள் கொல்லப்பட்டார்கள், பார்ப்பவர்கள் அஞ்சட்டும் என்று உடல்கள் தெருவில் விடப்பட்டன.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அப்பாவுக்குச் சாதகமாக எழுதியது போலாகிவிடும். புகையால் தொல்லைப்பட்டவர்கள் அன்றும் இருந்தார்கள். வரலாற்றாசிரியர் இப்ராஹிம் பெச்செவி, கடைகளில் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாத அளவுக்குப் புகை மண்டியிருந்ததையும், தெருவிலும் சந்தையிலும் முகத்துக்கு நேரே ஊதியதையும், தாடியும் தலைப்பாகையும் நாறியதையும் கடும் எரிச்சலோடு பதிந்திருக்கிறார். தடையை அவர் வரவேற்றார். அவருடைய முறைப்பாடு நியாயமானது. ஆனால் அந்தத் தடை அவருக்காகப் போடப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை. அப்படியானால் கடைக்குள் புகைப்பதைத் தடுத்திருந்தால் போதும். கடையையே இடிக்கத் தேவையில்லை.

தடை வென்றதா? கியாதிப் செலெபி என்ற அறிஞர், படைத்துறையில் எழுத்தராக வேலை பார்த்தவர், 1656இல் எழுதிய நூலில் இதைப் பதிவு செய்கிறார். பக்தாத் படையெடுப்பின்போது ஒரு தரிப்பிடத்தில் படையின் முக்கியஸ்தர்கள் 15 அல்லது 20 பேர் புகைத்த குற்றத்துக்காகச் சுல்தான் முன்னிலையில் சித்திரவதை செய்து கொல்லப்பட்டார்கள். அதே வேளையில் சில வீரர்கள் கட்டையான சுங்கான்களைச் சட்டைக் கைக்குள்ளும் பைக்குள்ளும் ஒளித்து வைத்திருந்து, கொலை நடந்துகொண்டிருக்கும்போதே புகைத்தார்கள். இஸ்தான்புல்லில் படைமுகாம்களின் மலசலகூடங்களுக்குள் போய்ப் புகைத்தவர்களுக்குக் கணக்கில்லை. தடுக்கத் தடுக்க ஆசை கூடியது என்பது அவர் கணிப்பு. இவ்வளவுக்கும் கியாதிப் செலெபி புகையிலையின் ஆதரவாளர் இல்லை.

முராத்தின் மற்றக் கதைகளை வேகமாகச் சொல்லிவிடலாம். மதுவையும் தடை செய்தார். தானோ நிறையக் குடித்தார். 1635இல் ஏரவானைப் பிடித்த வெற்றி கொண்டாடப்பட்ட நாட்களில் தம்பிகள் இருவரைக் கொல்வித்தார், 1638இல் இன்னொருவரை. அந்த ஆண்டு டிசெம்பரில் பக்தாத்தை மீட்டார். 1639இல் பாரசீகத்தோடு செய்த உடன்படிக்கையின் எல்லைக்கோடு ஏறத்தாழ இன்றைய ஈராக், ஈரான் எல்லையாகத் தொடர்கிறது. துருக்கியில் பலர் அவரை இன்னமும் வீரராகவே நினைக்கிறார்கள். 1640 பெப்ரவரியில், 27 வயதில் இறந்தார். குடியால் ஈரல் கெட்டதே காரணம் என்பது பரவலான கருத்து.

எனக்குப் பிடித்த பாத்திரம் வேறொருவர். அலெப்போவில் நீதிபதியாக இருந்த பஹாய் எஃபெந்தி, புகைப்பழக்கத்தால் பதவி பறிக்கப்பட்டு முராத்தின் காலத்தில் சைப்பிரசுக்கு நாடுகடத்தப்பட்டவர். சுல்தான் இறந்து ஒன்பது வருடங்களின் பின் அவரே பேரரசின் தலைமை மார்க்க அறிஞரானார். புகையிலை ஆகும் என்று தீர்ப்புக் கொடுத்தார். தன் பழக்கத்துக்காகத்தான் கொடுத்தார் என்று ஊர் பேசியது. கியாதிப் செலெபி மட்டும், மக்களின் நிலைமைக்கும் அதுவே பொருந்தியது என்று எழுதினார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அரசு புகையிலைக்கு வரி வாங்கத் தொடங்கிவிட்டது.

இதையெல்லாம் ஒரு பின்னேரம் அப்பாவுக்குச் சொன்னேன். பஸ் நிலையத்தில் தண்டம் எழுதியவரையும் முராத்தையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்றும் சொன்னேன். அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. சட்டைக் கைக்குள் ஒளிக்க அந்தச் சுங்கான் எவ்வளவு கட்டையாக இருந்திருக்கும் என்று மட்டும் கேட்டார். பிறகு என் மகள் விறாந்தையில் விளையாடுவதைப் பார்த்துவிட்டு, பீடிக்கட்டை எடுத்துக்கொண்டு படலையைத் திறந்து ஒழுங்கைக்குப் போனார்.