விலகி நிற்கும் கலை

சின்னஞ்சிறு குழந்தைக்குக் கற்பிக்க ஆசிரியருக்குத் தனிப்பயிற்சி எதற்கு என வினவுவோர் உண்டு. அவ்வினாவுக்குத் தம் வாழ்நாளையே விடையாக்கியவர் மரியா மாண்டிசோரி.

இவர் 1870ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் இத்தாலியில் பிறந்தார். பெண்கள் மருத்துவம் பயில்வது அரிதாயிருந்த அக்காலத்தில், 1896இல் உரோமைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கு மருந்தைவிடக் கல்வியே பெரிதும் தேவை என்பதை மருத்துவப் பணியில் உணர்ந்தார்.

1907இல் உரோமை நகரின் ஏழை மக்கள் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில் 'குழந்தைகள் இல்லம்' தொடங்கினார். அங்கே குழந்தைகள் மர உருளைகளை அவற்றிற்குரிய குழிகளில் பொருத்தினர். மணல்தாள் எழுத்துகளை விரலால் தடவிப் பழகினர். உருளை பொருந்தாவிடில் பிழையைக் கருவியே உணர்த்திற்று. கண்டிப்பாரின்றிக் குழந்தை தானே திருத்திக்கொண்டது. ஆகவே, குழந்தையைக் கூர்ந்து நோக்குவதும், தேவையான பொழுது மட்டும் உதவுவதும், பிற வேளைகளில் விலகி நிற்பதுமே ஆசிரியர் பயிலவேண்டிய கலை என அவர் தெளிந்தார். கற்பித்துப் பழகியவர்க்கு இதுவே கடினமான பாடமாகும்.

பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேல் விடுத்த அழைப்பை ஏற்று, 1939இல் தம் 69ஆம் வயதில் சென்னை அடையாற்றுக்கு வந்தார். இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் வந்த ஏறத்தாழ 300 பேர் அவரிடம் பயின்றனர். அவர் இத்தாலிய மொழியில் உரையாற்ற, மகன் மாரியோ ஆங்கிலத்தில் பெயர்த்துரைத்தார். 1940இல் இத்தாலி போரில் இறங்கியதும், ஆங்கில அரசு இருவரையும் பகைநாட்டினராகக் கருதியது. மாரியோ முகாமில் அடைக்கப்பட்டார். அன்னையார் சபை வளாகத்திற்குள் இருத்தப்பட்டார். அவருடைய 70ஆம் பிறந்தநாளையொட்டி மகன் விடுவிக்கப்பட்டார். நாடு திரும்ப இயலாத நிலையிலும் அன்னையார் பயிற்சியைத் தொடர்ந்தார். அடையாற்றிலும் கொடைக்கானலிலும் பிற நகரங்களிலுமாக, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அவரிடம் பயிற்சி பெற்றனர். 1952இல் நெதர்லாந்தில் அவர் மறைந்தார்.

இன்று புதுக்கோட்டை மாவட்டத்து ஆவூர் போன்ற சிற்றூர்களில், பிள்ளைகள் பள்ளியில் சேருமுன் அங்கன்வாடிக்குச் செல்கின்றனர். அங்கே ஒரு குழந்தை தன் செருப்பைத் தானே மாட்ட முயலும்பொழுது, உதவ விரைந்த கையைச் சற்றே பின்னிழுத்துப் பொறுமையோடு காத்திருக்கும் பணியாளர், மாண்டிசோரி கற்பித்த முதற்பாடத்தை அறிந்தவராவார்.